பின்வாசல் ஆபீஸ்

ஒரு நாளைக்கு நாற்பது பில்.
இருபத்திரண்டைத் தாண்டியதில்லை நான்.
"வீட்ல ஏதாவது பிரச்சனையா மேடம்?"
சென்னையிலிருந்து சூப்பர்வைசர் கேட்டார்.
வீடுதான் பிரச்சனை என்பதை
எந்தக் கட்டத்தில் டைப் செய்வது?

ஒரு செவ்வாய்க்கிழமை
தினத்தாளைக் கிழித்துத் திருப்பிப்போட்டு
நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம்
ஒரு கோடு போட்டேன்.
குக்கர். மோட்டார். மாடிவீட்டுக்கு வந்த கூரியர்.
கீரைக்காரியிடம் சில்லறை இல்லை.
கொடியில் துணி, வானத்தில் நாலே தூறல்.
டவுன்ஹால் ரோட்டுக் கடையிலிருந்து பெர்க்மான்ஸ்:
"வண்டி ஆர்சி புக் எங்க வச்ச?"
(நான் வைக்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.)
சாயங்காலம் எண்ணினால் முப்பத்தொரு கோடு.
எனக்காக எழுந்தது ஒன்றே ஒன்று,
அதிலும் பாதியில்
காலிங்பெல்.

வீடியோக்களில் சொன்னதெல்லாம் செய்தேன்.
நாலரைக்கு எழுந்தேன்,
பதினோரு மணிக்கு
யாரோ ஒரு திண்டுக்கல்காரரின்
குடல்வால் ஆபரேஷன் மேல் தலைசாய்ந்து தூங்கினேன்.
போனை அரிசி டிரம்மில் போட்டேன்.
டிரம் அடித்தது.
காதோரம் அரிசி உதிர உதிரப் பேசினேன்.
கதவில் 'வேலை நடக்கிறது' என்று ஒட்டினேன்.
தட்டினார்கள்,
என்ன வேலை என்று கேட்க.

பிறகு அந்தத் திங்கள்.
கஞ்சி போட்ட காட்டன் சேலை.
கழுத்தில் நாலு வருடத்துக்கு முந்தைய அடையாள அட்டை,
மூடி இறுகாத டிபன் பாக்ஸ்.
எட்டரைக்கு முன்கதவைப் பூட்டி
இழுத்துப் பார்த்தேன், இரண்டு தரம்.
"எங்கடி கிளம்பிட்ட?"
எதிர்வீட்டு வியாகுலமேரி, வாயில் பிரஷ்ஷோடு.
"ஆபீசுக்கு."

ஞானஒளிவுபுரத்திலிருந்து ஆரப்பாளையம்
நடக்கிற தூரம்தான்.
பஸ் ஸ்டாண்டில்
தேனிக்குப் போகிறவர்கள் நடுவில் நின்றேன்.
ஏறும்மா ஏறும்மா, பின்னால சீட்டு இருக்கு என்றார் கண்டக்டர்.
அடுத்த வண்டி என்றேன்.
ஐந்து நிமிடம்
எங்கேயோ போகிற ஆள் மாதிரி நின்றுவிட்டு
சாக்கடைச் சந்து வழியாகத் திரும்பி
என் வீட்டுப் பின்வாசலை
திருடி மாதிரித் திறந்தேன்.

பின்னறை.
நிமிர்த்திவைத்த கட்டில், இரண்டு அரிசி மூட்டை,
ஒரு கால் குட்டையான மேசை.
அடுப்படிக்குப் போகிற கதவில்
என் பக்கத்தில் தாழ்ப்பாள்.
செருப்பைக் கழற்றவில்லை.
ஆபீசில் யார் கழற்றுவார்கள்?

பத்தேகாலுக்கு முன்வாசலில் பெல்.
கால் தானாக எழுந்தது. உட்காரவைத்தேன்.
மறுபடி பெல்.
சுவருக்கு அந்தப்பக்கம் வியாகுலமேரியின் குரல்:
"பூட்டுத் தொங்குது தெரியலையா,
அவ ஆபீஸ் போயிருக்கா."
பதினாறு வருடத்தில் முதல்முறையாக
அந்த வீட்டில் ஆளில்லை.
இல்லாத ஆள் உட்கார்ந்து
கண்புரை பில் நாலு முடித்தாள்.

ஒரு மணிக்கு எலுமிச்சை சாதம்.
ஆறிப்போய், அப்பளம் நமுத்து,
ஆபீஸ் ருசி அப்படியே.

முப்பத்து மூன்று.
நாற்பது இல்லைதான்.
சூப்பர்வைசர் கட்டைவிரல் ஒன்று அனுப்பினார்.

ஐந்தரைக்குப் பின்கதவைச் சாத்தி
சந்து சுற்றி முன்வாசலுக்கு வந்தேன்.
டியூஷன் முடிந்து படியில் உட்கார்ந்திருந்தாள் ரோஸ்லின்.
"ஏம்மா லேட்டு?"
"பஸ்ல கூட்டம்."
வாயில் வந்ததைச் சொன்னேன்.
என் பையை வாங்கிக்கொண்டாள். ஃபேனைப் போட்டாள்.
கேட்காமலே
ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

நிதானமாகக் குடித்தேன்,
தூரத்திலிருந்து வந்தவள் குடிக்கிற மாதிரி.
தொட்டியில்
காலையில் விட்டுப்போன குக்கர்
வைத்த இடத்தில்,
வைத்த கோணத்தில் கிடந்தது.